லெட்டுன்னா என்ன சார்?

லெட்டுன்னா என்ன சார்? இல்ல, சும்மா சொல்லுங்க. கையில இங்கிலீஷ் பேப்பர் வச்சிருக்கீங்க, அதான் கேக்கேன். எல், ஈ, டி. லெட். என்ன அர்த்தம்?

விடு. அனுமதி குடு. ஆங், அவ்வளவுதானே? யோசிக்கக்கூட இல்ல பாத்தீங்களா, டக்குனு சொல்லிட்டீங்க. என்ன படிச்சிருக்கீங்க? பி.இ.யா, நல்லது. பி.இ. படிச்ச நீங்களும் விடுன்னுதான் சொல்லுதீங்க, முப்பத்தி நாலு வருசம் இங்கிலீஷ் வாத்தியாரா இருந்த நானும் விடுன்னுதான் சொன்னேன். அப்ப நான் மட்டும் என்ன கொலையா செஞ்சுட்டேன்?

கொஞ்சம் இந்தப் பக்கமாத் தள்ளிக்கிடுங்க, பஸ்ஸு திரும்பிட்டு, வெயில் உங்க மேல அடிக்கி. நான் பிறவிப்பெருமாள். புளியடிக்குறிச்சி ஹைஸ்கூல்ல வேல பாத்து ரிட்டயர்டு ஆனவன். எங்க ஊர்ல வந்து இங்கிலீஷ் சார் வீடு எதுன்னு கேட்டா கண்ணு தெரியாதவன்கூடக் கைய நீட்டிக் காட்டுவான். முந்தி. இப்ப கேட்டா, "எதுக்கு, எதும் படிக்கணுமா?"ன்னு கேட்டுட்டுச் சிரிக்கானுவ. நான் எங்க போறேன்னு கேக்கீங்களா? சொல்லுதேன், இருங்க. மொதல்ல இதக் கேளுங்க.

எனக்கு ஒரு குணம் சார். தப்பு இங்கிலீஷக் கண்டா கை சும்மா இருக்காது. சட்டப் பையில எப்பவும் செவப்புப் பேனா ஒண்ணு கெடக்கும். ரேசன் கடையில ஒட்டுன நோட்டீஸ்ல ரெண்டு தப்பு, அங்கனயே நின்னு திருத்திட்டு வந்தேன். கடைக்காரன் மொறச்சான். மொறச்சா மொறைக்கட்டும். என் மருமகன் நிச்சயம் முடிஞ்ச கையோட எனக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதினாரு. நல்ல லெட்டர்தான், பதினோரு தப்பு. திருத்தித் திருப்பி அனுப்பிச்சேன். அதுக்கு என் மக மூணு நாள் என்கூடப் பேசல. நல்லது சொன்னா இந்தக் காலத்துல யாருக்குப் பிடிக்கு?

விஷயத்துக்கு வாரேன். எங்க ஊருக்குக் கெழக்க காலனி. காலனிக்கும் அவுக சுடுகாட்டுக்கும் நடுவுல திரவியம் அண்ணாச்சி தோப்பு. தென்னையும் வாழையுமா பதினாலு ஏக்கர். அந்தக் காலத்துலேருந்து பொணம் அந்தத் தோப்பு வழியாத்தான் போவும். அண்ணாச்சி போன வருசம் கம்பிவேலி போட்டு கேட்டு வச்சுப் பூட்டிட்டாரு. அவரு தோப்பு, அவரு பூட்டுதாரு. அதுவும் வாஸ்தவந்தானே? காலனிக்காரனுவ விடல. வெள்ளைக்காரன் எங்களுக்கு எழுதிக் குடுத்த பேப்பர் இருக்குன்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சானுவ. எவனும் கண்ணுல பாத்ததில்ல. அப்பன் சொன்னான், பாட்டன் சொன்னான்னு ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

அங்க இருளப்பன்னு ஒரு கொத்தனார். என் வீட்டக் கட்டுனதே அவந்தான். நல்ல வேலக்காரன், மட்டம் பாத்தான்னா நூல் பிசகாது. கெரகப்பிரவேசத்துக்கு அப்புறம் இன்னைக்கி வரைக்கும் வாசநடை தாண்டி உள்ள வந்ததில்ல சார். நானா வரக்கூடாதுன்னேன்? அவனா வரமாட்டான். மரியாதை தெரிஞ்சவன். நமக்கு அந்த வித்தியாசமெல்லாம் கெடையாது. தண்ணி கேட்டான்னா வெளிக்கொழாய் இருக்கு, வேணுங்கற மட்டும் குடிச்சுக்கிடலாம்.

அந்த இருளப்பன் விடாம ஆறு மாசம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு அந்தப் பேப்பரக் கண்டுபிடிச்சுட்டான். ஆயிரத்தி எண்ணூத்தி முப்பத்தி நாலு. கம்பெனி காலம். அன்னைக்கித் தோப்பு வச்சிருந்தவரும் காலனி ஆளுகளும் கலெக்டர் முன்னால செஞ்சுக்கிட்ட ஒப்பந்தம். சீல் போட்ட நகல் வாங்கிட்டான். வாங்கி என்ன செய்ய? முழுசும் இங்கிலீஷ். நேரா எங்க வந்தான்? எங்கிட்டத்தான் வந்தான்.

வாசல்ல நின்னுக்கிட்டு ரெண்டு கையாலயும் நீட்டுதான். "சார், நீங்க படிச்சுச் சொன்னாப் போதும் சார். அண்ணாச்சியும் ஒத்துக்கிட்டாவ. சார் என்ன சொல்லுதாவளோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படுதோம்னு தாசில்தார் ஆபீஸ்ல பேசிட்டோம்"ங்கான். பாத்தீங்களா, ரெண்டு தரப்புக்கும் பொது ஆளு நான். அப்படி ஒரு பேரு எனக்கு இருந்துச்சு.

கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சேன். பழைய இங்கிலீஷ் சார், ஒரு வாக்கியம் ஒரு பக்கம் ஓடுது. லேசுப்பட்ட ஆளுக்கு ஒண்ணும் புரியாது. தோப்புக்கு டோப்புன்னு எழுதிருக்கான். நம்ம தமிழ்ச் சொல்லத்தான் வெள்ளைக்காரன் டோப்பாக்கிட்டான். அதெல்லாம் எனக்குத் தெரியும். கடேசியில வந்து நிக்கி அந்த வாக்கியம். தோப்புக்காரரும் அவர் வாரிசுகளும், "ஷால் நாட் லெட் தி பீப்பிள் ஃப்ரம் பேரிங் தேர் டெட் த்ரூ தி டோப்." பேரிங்னா தூக்கிட்டுப் போறது, டெட்டுன்னா பொணம். நீங்களே சொல்லுங்க. ஷால் நாட் லெட். விடக்கூடாது. வேற என்ன? அஞ்சாம் வகுப்புப் பையன் சொல்லுவான்.

ஃப்ரம் எதுக்குன்னு கேக்கீங்களா? அட, நீங்க கவனிச்சுட்டீங்களே. நானும் கவனிச்சேன். லெட்டுக்குப் பின்னால ஃப்ரம் வராது. வரவே வராது. நகல் எடுத்த கிளார்க்கு போட்ட தப்பா இருக்கும், இல்ல அந்த வெள்ளைக்காரனே படிப்பறிவு கம்மியா இருப்பான்னு நெனச்சேன். அவனுவள்ல மட்டும் முட்டாள் கெடையாதா? செவப்புப் பேனாவ எடுத்தேன். ஃப்ரம்ம அடிச்சேன். பேரிங்க அடிச்சு பேர்னு திருத்துனேன். இப்ப வாக்கியம் ஜம்முனு வந்துட்டு. உண்மையச் சொல்லுதேன் சார், வெள்ளைக்காரன் எழுதுன இங்கிலீஷ நான் திருத்துதேன்னு எனக்கு ஒரு பெரும. அன்னைக்கி ரெண்டு தோசை கூடவே எறங்குச்சு.

தமிழ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "தோப்பு வழியாகப் பிணம் கொண்டுபோக விடக்கூடாது." வாசிச்சுக் காமிச்சேன்.

இருளப்பன் பேப்பரத் திருப்பி வாங்கிக்கிட்டான். பொறவு கேக்கான். "சார், ஒரு சந்தேகம். எங்கள விடக்கூடாதுன்னு எழுதுன பேப்பர்ல எங்க பூட்டன் எதுக்கு சார் கைநாட்டு வச்சாரு? இது கெடச்ச அன்னைக்கி எங்காளுக கெடா வெட்டிப் பொங்கல் வச்சாகன்னு சொல்லுவாவளே. வழிய அடைச்சதுக்கா சார் கெடா வெட்டுவாவ?"

எனக்கு வந்துதே கோவம். "ஏ இருளப்பா, உனக்கு இங்கிலீஷ் தெரியுமா, எனக்குத் தெரியுமா? உம் பூட்டனுக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா ஏன் கைநாட்டு வைக்கான்? ஏமாத்தி வாங்கிருப்பான் வெள்ளைக்காரன்"னேன். "அப்படியும் இருக்கும் சார்"ன்னான். பேப்பர மடிச்சு வேட்டி மடியில வச்சுக்கிட்டுப் போயிட்டான். நான் கேக்கேன், அவனுக்குச் சந்தேகம்னா வேற எடத்துல போய்க் காட்டிருக்கலாம்லா? நானா கையப் பிடிச்சுக்கிட்டேன்? அவன் என்னய நம்புனான். நம்புனது என் குத்தமா?

தாசில்தார் சின்ன வயசு, கான்வென்ட்ல படிச்சவரு. அவரும் வாசிச்சுப் பாத்து, "சார் சொல்லுறது கரெக்ட்தான்"னுட்டாரு. முடிஞ்சுது. அண்ணாச்சி என் எழுத்த ஜெராக்ஸ் எடுத்து லேமினேசன் பண்ணி கேட்டுல தொங்க விட்டாரு, என் கையெழுத்தோட. அந்த வருசம் கோயில் கொடைத் திருவிழாவுல மேடையில ஏத்தி எனக்குப் பொன்னாடை போத்துனாரு. முப்பத்தி நாலு வருசத்துல இந்த ஊர்ல ஒருத்தனுக்கு அது தோணல, அவருக்குத் தோணுச்சு. படிச்சவன மதிக்கத் தெரிஞ்ச மனுசன். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு காலனியில பேசுதானுவ. மஞ்சக்காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்ச.

பொறவு ஐப்பசி வந்துச்சு. நாலு நாள் விடாத மழ. இருளப்பன் பொஞ்சாதி பூவம்மா காய்ச்சல்ல செத்துப் போனா. நல்ல பொம்பள சார். எங்க வீட்டு வாசல் முத்தம் அவதான் பதினஞ்சு வருசமாத் தூத்தா. பொணத்தத் தூக்கிக்கிட்டு கேட்டு முன்னால போய் நின்னுருக்கானுவ. காவக்காரன் அட்டையக் காட்டிருக்கான். பாடைய மழையிலயே எறக்கி வச்சிட்டு இருளப்பன் எங்கிட்ட ஓடியாந்தான். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உக்காந்துருக்கேன். "சார், இன்னைக்கி ஒரு தடவ. அண்ணாச்சிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பாவ சார்"ங்கான். உடம்பெல்லாம் தண்ணி சொட்டுது. நான் என்ன சொல்ல? "பேப்பர்ல உள்ளதத்தானப்பா நான் எழுதுனேன். இன்னைக்கி ஒண்ணு நாளைக்கி ஒண்ணு சொல்ல முடியுமா?"ன்னேன். பொதுவான ஆளுன்னா அப்படித்தானே இருக்கணும்?

தோப்ப விட்டா வேற வழி வாய்க்காலக் கடக்கறதுதான். கோடையில கணுக்கால் நனையாது. அன்னைக்கி நெஞ்சளவு தண்ணி. நாலு பேரும் பாடையத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு எறங்கிருக்கானுவ. நடுவுல ஒருத்தனுக்குக் கால் வழுக்கிட்டு. பாடை சாஞ்சுட்டு. பொணத்தத் தண்ணி கொண்டு போயிட்டு.

மறுநா மத்தியானந்தான் கெடச்சா. ரெண்டு மைல் தள்ளி மடையில, சேலை கம்பியில மாட்டிருந்துச்சு.

மழையப் பெய்ய வச்சது நானா சார்? சொல்லுங்க. கால் வழுக்குனது நானா? ஊர்ல அன்னையிலேருந்து என் முகத்தப் பாத்துப் பேச மாட்டேங்கான் ஒருத்தன். என் வீட்டுக்காரியே சோத்த வச்சிட்டு ஒண்ணும் பேசாமப் போறா.

இருளப்பன் மக செவ்வந்தி. மஸ்கட்ல நர்சா இருக்கா. தாய் மூஞ்சியப் பாக்கக் கெடைக்கல, பதினாறாம் நாளுக்குத்தான் வந்து சேந்தா. வந்தவ மறுநாளே எங்க வீட்டுக்கு வந்துட்டா. அப்பன் வெளிய நிக்கான், இவ நேரா உள்ள வந்து, நான் சொல்லுததுக்கு முன்னாலயே நாற்காலியில உக்காந்தா. ம்… காலம்.

பேப்பர மேசையில விரிச்சா. "சார், இந்த ஃப்ரம்ம ஏன் அடிச்சீங்க?"

"கிளார்க்கு தப்பும்மா"ன்னேன்.

சத்தம் போடல சார். சத்தம் போட்டாக்கூட நான் ரெண்டு போட்டுருப்பேன். கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்ட எடுத்து மொதப் பக்கத்தத் திருப்பி வச்சா. "இத வாசிங்க சார்"ங்கா. வாசிச்சேன். இந்தப் பாஸ்போர்ட்காரர, அலவ் பண்ணணும், "வித்தவுட் லெட் ஆர் ஹின்டரன்ஸ்" போக விடணும்னு போட்டுருக்கு. ஜனாதிபதி பேரால சார்.

"அலவ்னு முன்னாலயே சொல்லியாச்சு சார். விடுங்கன்னு சொல்லிட்டு, விடாமன்னு எப்படி சார் அடுத்தாப்புல சொல்லுவாங்க? இங்க லெட்டுன்னா தடை சார். ஹின்டரன்ஸ்னா எடஞ்சல், அதுக்குக் கூடப்பொறந்தது. பத்து வருசமா இத ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட்டு நீட்டிக்கிட்டு நிக்கேன், நானும் ஒரு நாளும் வாசிச்சதில்ல. எங்கம்மா போன சேதி கேட்டு வாரப்ப, லைன்ல நிக்கும்போது வாசிச்சேன்."

பொறவு போன்ல தேடிப் படிச்சாளாம், ஒவ்வொண்ணாச் சொல்லுதா. நான் பத்தாங்கிளாசுக்குக் கிராமர் நடத்துன மாதிரி எனக்கு நடத்துதா. லெட்டுங்கறது ஒரு வினை இல்லியாம், ரெண்டு வினையாம். ஆதியில வேற வேற சொல்லு, வேற வேற உச்சரிப்பு. ஒண்ணு விடுறது. இன்னொண்ணு தடுக்கறது, மறிக்கறது. லேட்டுங்கற சொல்லோட சொந்தக்காரனாம் அது, ஒருத்தனப் போகவிடாமத் தாமசப்படுத்தறது. காலப்போக்குல ரெண்டும் ஒரே மாதிரி எழுத்தாயி, ஒரே சத்தமாயி, ஒண்ணு சொன்னா இன்னொண்ணுக்கு நேர் எதிரா நின்னுட்டு. அப்படி ரெண்ட வச்சிக்கிட்டு எவன் பொழைப்பான்? தடுக்கறது செத்துப் போச்சு. வக்கீல் பேப்பர்லயும் டென்னிசுலயும் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்காம். பந்து வலையில ஒரசுனா லெட்டும்பான்லா, அதான். அந்தப் பழைய லெட்டுக்குப் பின்னால ஃப்ரம் வருமாம் சார். இன்னதச் செய்யறதுலேருந்து தடுக்கறது. ஷால் நாட் லெட் ஃப்ரம் பேரிங். தூக்கிட்டுப் போறதத் தடுக்கக்கூடாது.

அதுக்குத்தான் கெடா வெட்டிருக்கானுவ.

நான் விட்டுக் குடுக்கல. "எந்த அகராதியில இருக்கு அப்படி?"ன்னேன். "உங்க வீட்டு அலமாரியில உள்ளதுலயே இருக்கும் சார், பாருங்க"ன்னா. பாக்கல. இவ சொல்லி நான் எந்திரிச்சுப் பாக்கணுமா?

பொறவு ஒரு பேப்பர எடுத்து நீட்டுனா. "ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். நான் தப்பாப் படிச்சுட்டேன்னு. மேல அப்பீல் போடப் போறோம். வேற யாரு சொன்னாலும், சார் அன்னைக்கே சொல்லிட்டாரேன்னுதான் அண்ணாச்சி தரப்புல பேசுவாங்க. நீங்க சொன்னதுல பூட்டுன கேட்டு, நீங்க சொன்னாத்தான் சார் தெறக்கும்."

நான் அந்தப் பேப்பரத் தொடல.

அவளே அத எடுத்து மடிச்சுப் பையில வச்சா. எந்திரிச்சா. அழுவான்னு நெனச்சேன், அழல. "எங்கம்மாவ மடையிலேருந்து எடுக்கும்போது கை ரெண்டும் எப்படி இருந்துச்சுன்னு எங்கப்பா சொல்ல மாட்டேங்காவ சார்"ன்னா. அத எதுக்கு எங்கிட்டச் சொல்லணும்? பாருங்க, கேட்ட நாள்லேருந்து எனக்குச் சோறு எறங்கல. இது என்ன நியாயம்? அவ அம்மா செத்ததுக்கு எனக்கு வருத்தம் இல்லியா? நான் மனுசன் இல்லியா?

ஆமா சார், பாத்தேன். அவ போன பொறவு கதவச் சாத்திக்கிட்டு எடுத்துப் பாத்தேன். ஸ்கூல்ல எனக்குப் பிரிவுபசாரத்துக்குக் குடுத்த அகராதி, இம்மாந்தண்டி. இருந்துச்சு. லெட், ரெண்டுன்னு நம்பர் போட்டு, பொடி எழுத்துல. வழக்கொழிந்ததுன்னு போட்டு, தடுன்னு போட்டுருந்துச்சு. இருபது வருசமா என் வீட்டு அலமாரியிலதான் இருந்துருக்கு. மொத லெட்டு அர பக்கம். ரெண்டாவதுக்கு மூணே வரி. யாரு சார் மொத அர்த்தம் தெரிஞ்ச பொறவு ரெண்டாவதப் போய்ப் பாப்பா? நீங்க பாப்பீங்களா?

வீட்டுக்காரிகிட்டக்கூடச் சொல்லல. உங்ககிட்டச் சொல்லுதேன்னா, நீங்க யாரோ, நான் யாரோ.

ஒரு வரிதானேங்கீங்க. உங்களுக்கு ஒரு வரி. எனக்கு முப்பத்தி நாலு வருசம் சார். நான் தப்புன்னு எழுதிக் குடுத்தா, நான் திருத்துன பேப்பர் அம்புட்டையும் ஒருத்தன் ஒருத்தனா எடுத்துட்டு வந்து, சார் இது சரியா, இது சரியான்னு கேக்க மாட்டானா? இந்த ஊர்ல எனக்கு நெலமா, ஆள்பலமா, என்ன இருந்துச்சு? இங்கிலீஷ் சார்ங்கற ஒரு பேரு. அதையும் ஒரு கொத்தனார் மக முன்னால கழட்டி வச்சிட்டு வேட்டியத் தட்டிக்கிட்டுப் போயிரணுமா? வெக்கமா இருக்கு சார். செத்துப் போகலாம் போல வெக்கமா இருக்கு. அத இவளுகளுக்கு எப்படிச் சொல்ல?

இன்னைக்கித்தான் அப்பீல் விசாரணை. பதினோரு மணிக்கி. என்னயக் கூப்பிட்டு நோட்டீஸ் வந்துருக்கு, இந்தா பைக்குள்ள கெடக்கு. வீட்டுக்காரி காலையில வேட்டி சட்ட இஸ்திரி போட்டுக் கையில குடுத்துட்டு, "போய்ச் சொல்லிட்டு வாங்க"ன்னா. அவ பேசி ரெண்டு மாசமாச்சு. சரின்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனேன்.

இந்தா, ஆபீஸ் ஸ்டாப்பு வந்துட்டு. அந்தப் புங்கமரத்தடியில நிக்கா பாருங்க, பச்சச் சேல. அவதான் செவ்வந்தி. பக்கத்துல துண்ட அக்குள்ல இடுக்கிக்கிட்டு நிக்கானே, அவன் இருளப்பன். ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாக்கான். வருவாரு, சார் வருவாருன்னு மகளுக்குச் சொல்லிருப்பான். அவன் அப்படித்தான்.

எதுக்கு சார் எந்திரிக்கீங்க? எனக்கு வழி விடவா? வேண்டாம், இருங்க, உக்காருங்க. அந்த ஜன்னல் ஷட்டர மட்டும் கொஞ்சம் எறக்கி விடுங்க.

நான் திருச்செந்தூருக்கு டிக்கெட் எடுத்துருக்கேன். ஏறும்போதே எடுத்துட்டேன்.